பழைய ஆட்டோ காரில் கியர் சரியாக விழவில்லையா? சுங்கை சிப்புட் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் பட்டறை வைத்திருப்பவனிடம் புதுக் கார் வராது. அதற்கு உத்தரவாதம் இருக்கிறது, நேராக ஈப்போவுக்குப் போய்விடும். என்னிடம் வருவதெல்லாம் சக்கரத்தில் செம்மண் ஒட்டிய புரோட்டோன் வீராவும் வாஜாவும், பிள்ளைகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனபோது அப்பாவிடம் விட்டுச் சென்ற முதல் தலைமுறை பெரோடுவா மைவியும்தான். கியர் கோளாறு என்று வருபவர்களில் பலர், "கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும்" என்று வேறு எங்கோ கேட்டுவிட்டு முகம் வாடி வருபவர்கள். அவர்கள் என்னிடம் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். கிளட்ச் மிதி இல்லாத, 3 அல்லது 4 கியர் கொண்ட பழைய ஆட்டோ கார்களுக்கு, அதாவது ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு, இது பொருந்தும்.

காலையில் 'டி' போட்டால் கார் இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் நகர்கிறது. கியர் பாக்ஸ் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் எண்ணெயைப் பாருங்கள்.

ஆட்டோ கியர் பாக்ஸுக்குள் கியரை மாற்றுவது எண்ணெய்தான். என்ஜின் சுழலும்போது ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. அந்த அழுத்தம் வால்வுகளின் வழியே போய், அடுக்கடுக்காக இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. எந்த அடுக்கு இறுகுகிறது என்பதைப் பொறுத்து கியர் அமைகிறது. எண்ணெய் குறைந்தால் அழுத்தம் வரத் தாமதமாகும், காரும் அங்கேயே நிற்கும்.

காலையில் முதல் முறை மட்டும் தாமதம், பிறகு நாள் முழுவதும் ஒழுங்காக ஓடுகிறது என்றால், என்ஜினின் சுழற்சியை எண்ணெய் மூலம் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலிருந்து இரவில் எண்ணெய் கீழே வடிந்திருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் வயதாகி இறுகியிருக்கலாம். 20 வயதுக் காரில் ஒரு விநாடித் தாமதத்தை நான் மன்னித்துவிடுவேன். சூடான பிறகும் தாமதிக்கிறது, எண்ணெய் அளவும் சரி என்றால் அடைபட்ட ஃபில்ட்டர், தேய்ந்த பம்ப் என்று உள்ளே தேட வேண்டியிருக்கும்.

காலையில் பிரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் அவசரத்தில் 'டி' போட்ட கையோடு முடுக்கியை மிதிப்பவர்கள் இந்த ஊரில் அதிகம். கியர் பிடிக்கும்வரை காலை பிரேக்கில் வைத்திருங்கள். காத்திராமல் மிதித்தால், என்ஜின் வேகமெடுத்த நிலையில் தட்டுகள் கவ்வும். அவை கருகுவது அந்த நொடியில்தான்.

எண்ணெயை எப்படிப் பார்ப்பது? என்ஜின் எண்ணெய் பார்ப்பதுபோலத்தானே?

இல்லை, தவறு நடப்பதே இங்கேதான். என்ஜின் எண்ணெயை நிறுத்தி வைத்துப் பார்ப்போம். கியர் எண்ணெயைப் பெரும்பாலான கார்களில் சூடாக்கி, என்ஜினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு சமதரையில் நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்தபடி கியர் கோலை எல்லா நிலைகளுக்கும் ஒரு சுற்று கொண்டுபோய்த் திரும்புங்கள். மிட்சுபிஷி வழியில் வந்த வீரா போன்ற புரோட்டோன் கார்களில் 'என்' நிலையில் வைத்துப் பார்ப்பார்கள், டொயோட்டாவில் 'பி' நிலையில். ஹோண்டாவோ தனி வழி: என்ஜினை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். கையேடு தொலைந்துபோயிருந்தால் இதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு சீட்டில் எழுதி, எண்ணெய் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் கைப்பிடியில் நூலால் கட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் கட்டி அனுப்புகிறேன்.

டிப்ஸ்டிக்கில் குளிர், சூடு என இரண்டு கோடுகள் இருக்கும். சூட்டுக் கோட்டைத்தான் நம்ப வேண்டும். துடைத்துவிட்டு மறுபடி நுழைத்து எடுங்கள், முதல் முறை வருவது பொய் சொல்லும்.

அளவு பார்த்ததும் டிப்ஸ்டிக்கை வைத்துவிடாதீர்கள். ஒரு துளியை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீராவில் இதைச் செய்து காட்டினேன். துளி விழுந்தது, ஓரமாகப் பரவியது. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் நகராமல் நின்றது. அதை விரலால் தொட்டு அவர் கையில் தேய்த்தேன். "மணல்போல் இருக்கிறதே தம்பி" என்றார். மணல் இல்லை, கிளட்ச் தட்டின் மேல்பூச்சு. முகர்ந்து பார்த்தால் அடிப்பிடித்த சட்டியின் வாடை. அந்தக் காருக்கு எண்ணெய் மாற்றினால் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் இல்லை.

சிவப்பாக, தெளிவாக இருந்தால் நல்லது. தேநீர் நிறம் என்றால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. கறுப்பும் கருகிய வாடையும் சேர்ந்தால் உள்ளே ஏற்கெனவே சேதம் உண்டு.

இளஞ்சிவப்பாக, பால் கலந்ததுபோல் இருக்கிறது. அது என்ன?

ஒட்டுக்கடையில் விற்கும் சிராப் பண்டோங் நிறத்தில் எண்ணெய் வந்தால் காரை உடனே நிறுத்துங்கள், பட்டறைவரை ஓட்டி வரவும் வேண்டாம். கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடுகிறது. அது உள்ளுக்குள் அரித்துப்போனால் தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடும். கிளட்ச் தட்டின் பூச்சு காகிதம் போன்ற பொருளால் ஆனது, ஒட்டியிருப்பது பசையில். தண்ணீர் பட்டால் உரிந்துவரும். ரேடியேட்டர் மாற்றுவது சிறிய செலவு, தாமதித்தால் கியர் பாக்ஸையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற காருக்கும் இதே கதி. கியர் பாக்ஸின் மேல் மூச்சுக் குழாய் ஒன்று இருக்கிறது, தண்ணீர் அதன் வழியே இறங்கிவிடும். வெள்ளம் வடிந்தபின் என்ஜினை முடுக்குவதற்கு முன் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள்.

பழைய எண்ணெயை மாற்றினால் கார் ஓடாமல் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

இந்த ஊரில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. கோயில் திருவிழாவில் பார்த்தாலும் கேட்கிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது சாகாமல் இருக்கிறது.

நடப்பது இதுதான். பத்து ஆண்டுகள் எண்ணெயைத் தொடாமல் ஓட்டுகிறார்கள். கியர் வழுக்கத் தொடங்குகிறது, அதாவது மூன்றாவது விழும் நேரத்தில் என்ஜின் உறுமுகிறது, கார் மட்டும் வேகமெடுப்பதில்லை. அப்போது ஓடிவந்து எண்ணெய் மாற்றுகிறார்கள். தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்தவை. கறுத்த எண்ணெயில் மிதந்த துகள்கள் ஏதோ கொஞ்சம் பிடிப்புத் தந்திருக்கலாம், புது எண்ணெயில் அதுவும் போய்விடுகிறது. இரண்டு வாரத்தில் கார் நிற்கிறது. பழி எண்ணெய்மேல் விழுகிறது. நோய் முற்றியபின் மருத்துவமனைக்குப் போனவர் இறந்தால் மருந்தைக் குறை சொல்வது போன்ற வழக்கு இது.

இன்னொரு பாதி, மாற்றும் முறையில் இருக்கிறது. இயந்திரத்தை மாட்டி அழுத்தத்தோடு பழைய எண்ணெயைத் தள்ளிக் கழுவும் முறையைப் பராமரிப்பில்லாத கியர் பாக்ஸில் செய்தால், ஓரங்களில் உறைந்திருந்த கசடு பெயர்ந்து வால்வுகளின் சந்துகளில் போய் அடைக்கும். நான் அதைச் செய்வதில்லை. அடித்திருகைக் கழற்றி வடிவதை மட்டும் வடியவிட்டு, அதே அளவு புது எண்ணெய் ஊற்றுகிறேன். நடுத்தரக் காரில் மொத்தம் 6, 7 லிட்டர் இருக்கும். வடிவதோ 3, 4 லிட்டர்தான், மீதி டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். ஆகவே ஓரிரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி, இன்னொரு முறை மறுபடி. மூன்றாம் முறை வடிவது ஏறக்குறைய சிவப்பாக இருக்கும்.

அடித்தட்டைக் கழற்றினால் அங்கே இருக்கும் காந்தத்தையும் பார்ப்பேன். சாம்பல் நிறக் களிம்புபோல் படிந்திருந்தால் இயல்பான தேய்மானம். நகத்தில் சிக்கும் அளவுக்கு உலோகச் சில்லு இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு வண்டிக்காரரை அழைத்துக் காட்டுவேன்.

"ஆயுள் முழுவதற்கும் மாற்ற வேண்டாத எண்ணெய்" என்று சில கார்களுக்குச் சொல்வார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்கும், செம்பனை லோரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும் ஓட்டத்துக்கும் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறேன்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது தோட்டத்து ஓடையில்தான் போய்ச் சேரும். 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகளின்படி கழிவு எண்ணெய் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு, அதாவது கண்ட இடத்தில் கொட்டக் கூடாத ஆபத்தான கழிவு. பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

சிவப்பு எண்ணெய் எல்லாம் ஒன்றுதானே? எது மலிவோ அதை ஊற்றலாமா?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பட்டறை தொடங்கிய புதிதில், மிட்சுபிஷி வகை எண்ணெய் கேட்கும் ஒரு காருக்கு, பீப்பாயில் இருந்த பொதுவான டெக்ஸ்ரான் வகையை ஊற்றி அனுப்பினேன். நிறம் ஒன்றுதான். பத்து நாளில் கார் திரும்பி வந்தது. 70 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்தால், வரிவரியாகப் பள்ளம் விழுந்த செம்மண் பாதையில் ஓடுவதுபோல் உடம்பெல்லாம் அதிர்ந்தது. டார்க் கன்வர்ட்டருக்குள் இருந்து, வேகம் வந்ததும் என்ஜினையும் கியர் பாக்ஸையும் நேராகப் பூட்டும் பூட்டுக் கிளட்ச், அந்த எண்ணெயின் வழுவழுப்புக்கு ஒத்துவராமல் பிடிப்பதும் விடுவதுமாகத் தவித்தது. சரியான எண்ணெயை வாங்கி மூன்று முறை வடித்து ஊற்றினேன், என் சொந்தக் காசில்.

எஸ்பி-2, எஸ்பி-3, டெக்ஸ்ரான்-3 என்று டிப்ஸ்டிக்கிலோ கையேட்டிலோ என்ன எழுதியிருக்கிறதோ அதை வாங்குங்கள். அளவுக்கு மேல் ஊற்றுவதும் கேடுதான். உள்ளே சுழலும் பாகங்கள் எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும், நுரையில் அழுத்தம் நிற்காது.

கார் திடீரென்று மூன்றாவது கியரிலேயே நிற்கிறது. சந்திப்பில் புறப்பட்டால் எருமைபோல் ஊர்கிறது. என்ஜினை நிறுத்தி மறுபடி முடுக்கினால் சரியாகிவிடுகிறது. ஏன்?

இந்தக் கேள்வி கேட்டு வருபவர்களை நான் முதலில் உட்காரச் சொல்வேன். நல்ல செய்திக்கு வாய்ப்பு அதிகம்.

மின்னணுக் கட்டுப்பாடு உள்ள கியர் பாக்ஸில், கணினிப் பெட்டி ஏதாவது தகவல் தவறாக வருவதாகக் கண்டால் எண்ணெயின் வழியைத் திறந்து மூடும் மின்வால்வுகளான சோலனாய்டுகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே கியரில் நின்றுவிடும். வீரா, வாஜா வகை 4 கியர் பெட்டிகளில் அது மூன்றாவது. வீடுவரை போய்ச் சேர்வதற்கான தற்காப்பு ஏற்பாடு அது. என்ஜினை நிறுத்தி முடுக்கினால் கணினி அந்தத் தற்காப்பை விட்டுவிடுகிறது, கோளாறு மறுபடி வந்ததும் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. வந்து வந்து போகும் கோளாறு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தட்டையோ பல்சக்கரத்தையோ அல்ல, மின்கம்பியை.

டீச்சர் ஒருவர் வாஜாவைக் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் கியர் பாக்ஸ் விலை கேட்டு, தங்கச் சங்கிலியை அடகு வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கணினியில் மாட்டிப் படித்தால், சுழற்சி வேகத்தைச் சொல்லும் பல்ஸ் ஜெனரேட்டரின் கோளாறுக் குறியீடு வந்தது. பேட்டரியைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன். பேட்டரித் தட்டுக்குக் கீழே கியர் பாக்ஸுக்குப் போகும் இணைப்பான் இருந்தது. அதன்மேல் பேட்டரி அமிலம் சொட்டி, ஒரு முள் பச்சை பூத்து நூலாக மெலிந்திருந்தது. குழந்தையின் பல்லைத் தொடுவதுபோல் தொட்டேன், ஒடிந்து விழுந்தது. முள்ளை மாற்றி, மற்றவற்றைச் சுத்தம் செய்து, தட்டின் ஓட்டையையும் அடைத்தேன். சங்கிலி அவர் கழுத்திலேயே இருந்தது.

அதனால் நான் பார்க்கும் வரிசை: பேட்டரியின் மின்னழுத்தம், முனைகளின் இறுக்கம், பூமிக் கம்பி, இணைப்பான்கள், பிறகு கியர் கோல் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சுவிட்ச், வேக உணரி, சோலனாய்டுகளின் மின்தடை. சோலனாய்டு கெட்டிருந்தாலும் பல கார்களில் அடித்தட்டையோ பக்க மூடியையோ கழற்றி அதை மட்டும் மாற்றலாம். குறியீட்டைப் படிக்காமல் "கியர் பாக்ஸ் போய்விட்டது" என்று சொல்பவரிடம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நாலாவது கியர் விழுவதே இல்லை. நெடுஞ்சாலையில் என்ஜின் கத்துகிறது, பெட்ரோலும் குடிக்கிறது.

முதலில் கியர் கோலில், நாலாவது கியரை விடுவதையும் தடுப்பதையும் தீர்மானிக்கும் ஓ/டி (ஓவர்டிரைவ்) பொத்தான் தெரியாமல் அழுந்தியிருக்கிறதா பாருங்கள். முகப்பில் 'ஓ/டி ஆஃப்' விளக்கு எரிந்தால் அதுதான் காரணம். சிரிக்காதீர்கள், வாடிக்கையாளருக்கும் எனக்கும் இரண்டு முறை இது நடந்திருக்கிறது.

விளக்கு இல்லையென்றால் என்ஜின் சூட்டு முள்ளைப் பாருங்கள். "நம் நாட்டு வெயிலுக்கு எதற்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் பட்டறைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. 82 முதல் 88 பாகை வெப்பம் வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் மழை நாளில் நெடுஞ்சாலையில் என்ஜின் சூடாகவே செய்யாது. என்ஜின் குளிர்ந்திருப்பதாகக் கணினி நினைக்கும்வரை பல கார்களில் நாலாவது கியரையோ பூட்டுக் கிளட்சையோ அது அனுமதிப்பதில்லை. சிறிய தெர்மோஸ்டாட் ஒன்றைத் திரும்பப் போட்டதும் கார் வாயை மூடிக்கொண்டு ஓடும்.

'டி'யிலிருந்து 'ஆர்' போட்டால் 'டம்' என்று இடிக்கிறது.

பானெட்டைத் திறந்து, ஒருவரை பிரேக்கை அழுத்தியபடி கியரை மாற்றச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நின்று என்ஜினைப் பாருங்கள். காரின் முன்னால் நிற்காதீர்கள். என்ஜின் குதித்தால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது. சும்மா நிற்கும்போதே என்ஜின் வேகம் அதிகமாக இருந்தாலும் இடிக்கும், த்ராட்டிலைச் சுத்தம் செய்ய வேண்டும்.

கியர் மாறுவது மிகவும் தாமதமாகிறது, அல்லது மிக சீக்கிரம் மாறி வழுக்குகிறது.

பெரோடுவா கஞ்சில் போன்ற பழைய, கணினி அதிகம் இல்லாத கார்களில் முடுக்கியிலிருந்து கியர் பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். மிகவும் இறுகியிருந்தால் கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக விழும். தளர்ந்திருந்தால் சீக்கிரம் மாறி, அழுத்தம் போதாமல் வழுக்கும், தட்டு தேயும். யாராவது கார்புரேட்டரில் கை வைத்துவிட்டு இதை மறந்திருப்பார்கள். சரிசெய்ய ஒரு திருகுசாவி போதும். ஆனால் குறியிட்ட அளவுக்குத்தான் வைக்க வேண்டும், காதால் கேட்டு வைக்கக் கூடாது.

கேமரன் மலைக்குப் போகலாமா?

எண்ணெய் நன்றாக இருந்தால் போகலாம். ஏறும்போது ஓ/டியை அணைத்துவிடுங்கள், மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் கியர் அலைவது நிற்கும், எண்ணெய்ச் சூடும் குறையும். இறங்கும்போது '2' அல்லது 'எல்'. பெட்ரோல் மிச்சம் பிடிக்க 'என்' போட்டு இறங்குபவர்கள் இருக்கிறார்கள். சக்கரம் வேகமாகச் சுழலும், எண்ணெய்ப் பம்ப்போ சும்மா நிற்கும் என்ஜினின் வேகத்தில்தான் ஓடும், உள்ளே சுழலும் பாகங்களுக்கு எண்ணெய் போதாது. பிரேக்கும் சூடேறிக் கைவிட்டால் பிடித்து நிறுத்த வேறெதுவும் இல்லை.

நின்றுபோனால் தள்ளி முடுக்கலாமா? கயிறு கட்டி இழுக்கலாமா?

தள்ளினால் என்ஜின் ஓடத் தொடங்காது. முன்சக்கரம் இழுக்கும் காரை முன்சக்கரங்கள் தரையில் படாமல் லோரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

சிவிடி கார்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. அதில் கியர்ப் படிகளுக்குப் பதில் பட்டையும் கப்பியும். எண்ணெயும் வேறு. மாற்றி ஊற்றினால் பட்டையே போய்விடும்.

உள்ளே உண்மையிலேயே போய்விட்டது. பிரித்துச் செய்வதா, ஹாஃப் கட் கடையில் (அறுத்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடையில்) பழைய பெட்டி வாங்குவதா?

நல்ல கையும் பாகங்களும் கிடைத்தால் பிரித்துச் செய்வது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். தட்டுகள், சீல்கள், ஃபில்ட்டர் எல்லாம் புதிது. ஆனால் பல நாள் ஆகும், பாதியில் இன்னொரு பாகம் தேய்ந்திருப்பது தெரியவரும், செலவு ஏறும்.

பழைய பெட்டி மலிவு, இரண்டு நாள் வேலை. ஆனால் அது எத்தனை ஆண்டு வெளியில் மழையில் கிடந்ததோ. வாங்கும்போது டிப்ஸ்டிக்கை உருவி முகருங்கள். எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள், கார் ஓடிப் பார்க்க ஒரு வாரமாவது வேண்டும். பொருத்தும்போது ரேடியேட்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாயைக் கழுவாமல் மாட்டினால், பழைய பெட்டியின் துகள் புதியதற்குள் போய்விடும். டார்க் கன்வர்ட்டர் முழுதாக உட்காராமல் திருகை இறுக்கினால் பம்ப் நொறுங்கும், அவசரக்காரப் போமன்கள் (மெக்கானிக்குகள்) கையில் இது நடக்கிறது. காரின் கிராண்டில், அதாவது பதிவுச் சான்றில், என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான் இருக்கின்றன, கியர் பெட்டிக்கு எண்ணை மாற்றிப் பதியும் தலைவலி இல்லை.

கார் விலையில் பாதியை கியர் பெட்டி தின்னும் என்றால் விற்றுவிடுங்கள் என்றுதான் கணக்கு சொல்லும். தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கும் பாசாருக்கும் போக வேறு வழியில்லாத பெரியவரிடம் அந்தக் கணக்கை நான் சொல்வதில்லை.

பட்டறைக்கு வரும்போது என்ன சொல்ல வேண்டும்?

"கியர் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எனக்கு எதுவும் தெரியாது. காலையிலா, சூடான பிறகா? எந்த கியரிலிருந்து எந்த கியருக்கு? வேக முள் எதில் நின்றது? மழை பெய்த மறுநாளா? கடைசியாக யார், எதைத் தொட்டார்கள்? முடிந்தால் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, கோளாறு வரும்போது முகப்பு விளக்குகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டிவிட்டு வராதீர்கள், குறியீடு அழிந்துவிடும். மரியாதைக்காகக் காரின் அடிப்பக்கத்தைக் கழுவிக்கொண்டும் வர வேண்டாம். எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்பதை அந்தச் செம்மண்ணில் படிந்த ஈரத்தை வைத்துத்தான் நான் கண்டுபிடிக்கிறேன்.